மகளின் கணக்குத் தாளும் என் வாய்ச்சொல்லும்: பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மழைக்கால_அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்தவள், இன்று கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் கணக்குத் தேர்வுத் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நூற்றுக்கு 41. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "பரவாயில்லம்மா, எனக்கும் கணக்கு வராது. நம்ம வீட்டுல யாருக்குமே வராது, விடு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தாளை நான் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் மேசையை ஒழுங்குபடுத்தும்போது ஒரு நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. 'என்ன ஆகலாம்' என்று தலைப்புப் போட்டு நாலைந்து வேலைகளை எழுதியிருந்தாள். முதலில் இருந்தது 'விமானம் வடிவமைப்பவர்'. அதன்மேல் ஒரு கோடு. கோபத்தில் கிறுக்கியது இல்லை. ஸ்கேல் வைத்து, நீல மையில், நேராக அடித்த கோடு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கணவர் சொல்கிறார்: "நீ அவகிட்ட எதுவுமே எதிர்பார்க்கறதில்ல, அதான் இப்படி. 90 வாங்கணும்னு சொல்லிப் பழக்கு." என் கதை வேறு. அப்பா என்னை மருத்துவராக்க ஆசைப்பட்டார். நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் என் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். திட்டவே இல்லை, எழுந்து போவார், அவ்வளவுதான். இப்போது நூலகத்தில் வேலை செய்கிறேன், பிடித்த வேலை. ஆனாலும் அந்த நாற்காலிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

எதிர்பார்ப்பதுதான் தப்பா, எதிர்பார்க்காமல் விட்டது தப்பா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

—

கரும்பலகை

அம்மா, நான் 31 வருடம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று: நீங்கள் அன்பில்தான் அப்படிச் சொன்னீர்கள், அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆசை வேறு, எதிர்பார்ப்பு வேறு. 'என் பிள்ளை இதை அடைய வேண்டும்' என்பது ஆசை. 'என் பிள்ளையால் இது முடியும்' என்று உள்ளுக்குள் நம்புவது எதிர்பார்ப்பு. வீட்டில் இரண்டையும் ஒரே சொல்லில் கலந்து பேசுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

ஜெர்மனியின் பவேரியாவில் 3,530 மாணவர்களையும் அவர்கள் பெற்றோரையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருடா வருடம் பின்தொடர்ந்தார்கள். கோ முராயமாவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. பெற்றோர் என்ன மதிப்பெண் 'வேண்டும்' என்கிறார்கள், எது 'கிடைக்கும்' என்று நம்புகிறார்கள் என இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பெற்றோரின் ஆசை உயர்ந்திருந்த வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். ஆனால் ஆசை நம்பிக்கையைத் தாண்டி ஓடிய வீடுகளில் பின்தங்கினார்கள். அதாவது, 'உன்னால் முடியாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் வாங்கியே ஆக வேண்டும்' என்ற வீடுகள். உங்கள் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து போனது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது.

நீங்கள் மறுபக்கம் போய்விட்டீர்கள். ஆசையையும் சேர்த்து இறக்கிவிட்டீர்கள். அனீதா ரத்தன், கேத்தரின் குட், கரோல் டுவெக் மூவரும் 2012இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய உங்கள் வாக்கியம்தான்: 'பரவாயில்லை, எல்லோருக்கும் கணக்கு வந்துவிடாது'. முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியதாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, சிலருக்கு ஆறுதல் வார்த்தை, சிலருக்கு எப்படிப் படிக்கலாம் என்ற யோசனை என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆறுதல் கிடைத்தவர்கள், 'இவர் என்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார்' என்று புரிந்துகொண்டார்கள். கடைசித் தேர்விலும் குறைவாகத்தான் வாங்குவோம் என்று கணித்தார்கள்.

நான் இதை வகுப்பில் எத்தனை முறை செய்திருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மெதுவாகப் போகும் பிள்ளையிடம் கரும்பலகைக்கு வரச் சொல்லாமல் விடுவேன். கூச்சப்படுவானே என்று. அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று அப்போது யோசிக்கவில்லை.

—

எண்கணக்கன்

கரும்பலகை ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தரவு ஆய்வு என் வேலை என்பதால் ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன்.

'பெற்றோர் அதிகம் எதிர்பார்த்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும்' என்ற பேச்சுக்கு ஆதாரம் நிறைய உண்டு. 2001இல் ஃபேன், சென் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர் செய்யும் எல்லாவற்றிலும் பிள்ளையின் படிப்போடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது எதிர்பார்ப்புதான். வீட்டில் உட்கார்ந்து கண்காணிப்பது கடைசியில் வந்தது. ஆனால் சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் பெற்றோர் எதிர்பார்ப்பை உயர்த்துகிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டு பக்கமும் ஓடும் ஆறு இது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் 1968ஆம் ஆண்டு ஆய்வையே பாருங்கள். ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 'இவர்கள் சீக்கிரம் மலரப் போகிறார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருடக் கடைசியில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் கூடியிருந்தது. ஆனால் தெளிவாகக் கூடியது முதல் இரண்டு வகுப்புகளில்தான். மேல் வகுப்புகளில் அப்படி இல்லை. அந்த ஆய்வின் அளவீட்டு முறை அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. பிறகு 2005இல் லீ ஜஸிம், கென்ட் ஹார்பர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, ஆசிரியர் எதிர்பார்ப்பின் விளைவு உண்மைதான், ஆனால் பொதுவாகச் சிறியது என்று எழுதினார்கள். ஆசிரியர் கணிப்பு பலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கணிப்பு சரியாக இருப்பதுதான் என்றார்கள்.

எனவே மழைக்கால அம்மா, ஒரு வாக்கியத்தில் மகளின் எதிர்காலத்தை உடைத்துவிட்டோம் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல் உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள், '90' என்று தினமும் சொல்வதால் 90 வந்துவிடாது.

—

நேர்ப்பேச்சு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மூளை இருந்தால் படிக்கும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்கும். எதிர்பார்ப்பால் யாரும் பொறியாளர் ஆனதில்லை.

—

வாசல்படி

நேர்ப்பேச்சு, உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் ஆனேன்.

எங்கள் வீட்டில் யாரும் பள்ளி இறுதியைத் தாண்டியதில்லை. மதிப்பெண் அட்டையை நீட்டினால் அப்பா பேனாவை வாங்கி, எங்கே கையெழுத்து என்று விரலால் தேடி, போட்டுத் தருவார். 35 ஆனாலும் 85 ஆனாலும் அதே வேகம், அதே கையெழுத்து. கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த எண்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாது. பதினாறு வயது வரை எனக்கும் தெரியாது.

ஒரு நாள் இயற்பியல் ஆசிரியை வகுப்பு முடிந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போற?" என்று கேட்டார். 'போடப் போறியா' என்று கேட்கவில்லை, 'எந்தெந்த' என்று கேட்டார். நான் படிக்கப் போகிறேன் என்பது அவருக்கு முடிந்த விஷயம், ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு போனேன்.

மூளை அன்றைக்கு முந்தின நாளும் இதே மூளைதான்.

ஆல்பர்ட் பண்டுராவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் இதைத்தான் கண்டார்கள். பிள்ளைகள் எந்த வேலையைத் தங்களுக்கானது என்று நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைவிட, 'என்னால் முடியும்' என்ற அவர்கள் நம்பிக்கைதான் அதிகம் தீர்மானித்தது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெற்றோரின் ஆசைகள் இருந்தன.

இன்னொன்றும் எனக்கு மிக நெருக்கமானது. மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி சில ஊர்களில் பெண்களுக்கென்று குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா நால்வரும் 495 கிராமங்களில் போய்ப் பார்த்து 2012இல் எழுதினார்கள். இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த ஆசையின் இடைவெளி 25 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளைகளிடமே 32 விழுக்காடு குறைந்திருந்தது. படிப்பில் இருந்த ஆண் பெண் இடைவெளி மறைந்தே போயிருந்தது. பெண்களுக்கு அந்த ஊர்களில் வேலை வாய்ப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. கண்ணெதிரே ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். குலுக்கல் என்பதால், எண்கணக்கன் சொன்ன 'எது காரணம், எது விளைவு' சிக்கலும் இங்கே இல்லை.

—

எண்கணக்கன்

ஆமாம், அது வலுவான ஆய்வு. ஒத்துக்கொள்கிறேன்.

—

இரண்டாம்_முயற்சி

வாசல்படி அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவன் பேச வேண்டும்.

என் வீட்டில் எதிர்பார்ப்புக்குக் குறைவே இல்லை. விடுதியிலிருந்து போன் பண்ணினால் அப்பாவின் முதல் கேள்வி "எத்தனையாவது வந்த?" சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அதற்கான பதிலைப் பொறுத்து வரும் அல்லது வராது. மூன்றாம் பருவத்தில் இரண்டு பாடம் போனது. சொல்லவில்லை. நான்காம் பருவத்தில் நாலு. அதையும் சொல்லவில்லை. எட்டு மாதம், வாரா வாரம், இல்லாத மதிப்பெண்களைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொன்ன எண்களை ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பேன், அடுத்த வாரம் மாறிவிடக் கூடாதே என்று.

தேர்வில் தோற்றதை என்னால் தாங்க முடிந்தது. தோற்ற பிறகு வீட்டுக்குப் போகலாமா என்பதுதான் தெரியவில்லை.

தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 2022இல் எழுதிய ஆய்வு, பெற்றோரின் எதிர்பார்ப்பும் குற்றம் காண்பதும் கூடிக்கொண்டே வருவதாக 1989 முதல் கல்லூரி மாணவர்கள் சொல்லி வருவதைக் காட்டுகிறது. எல்லாமே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தன்னையே வதைத்துக்கொள்ளும் குணத்தோடு அது சேர்ந்து வருகிறது. படித்தபோது அந்தப் பர்ஸ் தாள்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "முதல்ல வீட்டுக்கு வா" என்றார். அந்தப் படிப்பை விட்டுவிட்டு ஒலிப்பதிவு படித்தேன், இன்று அதுதான் என் தொழில். என்மேல் இப்போது யாரையும்விட நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். ஒரு பதிவு சரியாக வரும்வரை இரவு இரண்டு மணி ஆனாலும் விட மாட்டேன். அப்போது படிக்க மறுத்த அதே ஆள்தான் இது.

—

கரும்பலகை

தம்பி, எழுதியதற்கு நன்றி. உங்கள் அம்மா சொன்ன மூன்று வார்த்தை எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை.

கைலா ஹைமோவிட்ஸும் டுவெக்கும் 2016இல் ஒன்று காட்டினார்கள். அறிவு வளருமா வளராதா என்று பெற்றோர் மனதில் நினைப்பது பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் தோல்வியைப் பெற்றோர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. தோல்வியைக் கேடு என்று பார்க்கும் பெற்றோர், மதிப்பெண் குறைந்தால் திறமை இல்லையோ என்று கவலைப்படுகிறார்கள். பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைந்துவிடுகிறது. பிள்ளையும், திறமை என்றால் இவ்வளவுதான், மாறாது என்று நினைக்கத் தொடங்குகிறது.

எக்கிள்ஸ், ஃப்ரோம் இருவரின் 1998ஆம் ஆண்டு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கணக்கைப் பற்றியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் திறமையைப் பற்றி நினைப்பதில், வாங்கிய மதிப்பெண்ணைவிடப் பெற்றோர் அவர்களைப் பற்றி நினைப்பது கூடுதலாகப் பதிந்திருந்தது. அவர்கள் கையில் தாள் இருக்கிறது, எண் இருக்கிறது, ஆனாலும் நம் முகத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள்.

மழைக்கால அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 59 மதிப்பெண் எங்கே போனது? தாளை வாங்கிப் பாருங்கள். கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சிவப்புச் சுழி எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

—

மழைக்கால_அம்மா

ஐயா, நேற்று பார்த்தேன். அதற்கு முன்னால் வேறொன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அவள் நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். ரொம்பக் கோபம் அவளுக்கு. "அப்பாவுக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் நானே போய், "நம்ம வீட்டுல யாருக்கும் கணக்கு வராதுன்னு சொன்னேன்ல, அது பொய். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்ல, நான் விட்டுட்டேன். வராதுன்னு சொல்ற அளவுக்கு நான் முயற்சியே பண்ணல" என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. மருத்துவத்தையே துரத்தியதில் கணக்கை எந்த வயதில் கைவிட்டேன் என்று கூட நினைவில்லை.

தாளைத் தந்தாள். இருவரும் எண்ணினோம். போன 59இல் 26 மதிப்பெண் ஒரே மாதிரித் தவறு. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறிகள் எல்லாம் மாற வேண்டுமாம், அவள் முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டிருக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் அதே. 18 மதிப்பெண்ணுக்கு எழுதவே இல்லை, நேரம் போதவில்லை என்கிறாள். மீதி அங்கங்கே.

கணவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 90 பற்றிப் பேசவில்லை.

—

கரும்பலகை

26! ஒரே ஒரு குறி. இதைத்தான் அந்தப் பிள்ளை 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒரு வாழ்க்கைத் தீர்ப்பாக எழுதிக்கொண்டிருக்கிறாள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பின்மேலும் ஒரு சின்ன அம்பு போட்டுவிட்டு அப்புறம் பெருக்கச் சொல்லுங்கள். தினம் ஐந்து கணக்கு போதும், பத்து வேண்டாம்.

இப்போது உங்களால் அவளிடம் மனதறிந்து எதிர்பார்க்க முடியும், பாருங்கள். 'இந்தக் குறியை நீ பிடித்துவிடுவாய்' என்று சொன்னால் அது உங்களுக்கே நம்பிக்கையான பேச்சு. 90 என்று சொன்னால் உங்கள் கண்ணே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

—

எண்கணக்கன்

ஐயா சொன்ன இடத்தில் ஒரு ஆய்வு ஞாபகம் வருகிறது. மலாவி நாட்டில் ரெபேக்கா டைசன்-ராஸ் செய்தது, 2019இல் வெளிவந்தது. தங்கள் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று பெற்றோர் நினைத்திருந்ததற்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. ஏழைப் பெற்றோரிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். உண்மை மதிப்பெண்ணைத் தெளிவாக எடுத்துச் சொன்னதும், எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், எதில் செலவு என்று பெற்றோர் தங்கள் முடிவுகளை மாற்றிக்கொண்டார்கள். வாசல்படி அவர்களின் அப்பா கையெழுத்துப் போட்ட அந்த அட்டைகளை யாராவது அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை பற்றியும் ஒன்று. பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின்போது, 2018இல், 41 நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டதில், பெண்களில் 53 விழுக்காடும் ஆண்களில் 47 விழுக்காடும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே சொன்னார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் என்று நமக்குப் பழகிய பெயர்கள்தான். அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2020இல் வெளியிட்டது. ஒலிப்பதிவாளர் ஆன தம்பிக்கு அவர் அப்பா அந்த வேலையை எதிர்பார்த்திருக்கவே முடியாது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. நமக்குத் தெரிந்த வேலைகளின் அளவுதான் நம் ஆசையின் அளவும்.

—

இரண்டாம்_முயற்சி

உண்மை. அப்பா போன வருடம் முதல்முறையாக என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் கழற்றவே இல்லை.

—

வாசல்படி

மழைக்கால அம்மா, உங்கள் மகளிடம் 'விமானம் வடிவமைக்க முடியுமா' என்று கேட்காதீர்கள். விமானத்தில் எந்தப் பாகம் பிடிக்கும் என்று கேளுங்கள். இறக்கையா, இன்ஜினா, உள்ளே இருக்கும் மின்சாரமா? எங்கள் ஆசிரியை கேட்ட மாதிரி, 'எது' என்று.

—

நேர்ப்பேச்சு

படித்தேன். என் பையனுடைய தாளையும் நான் விரித்துப் பார்த்ததில்லை. இன்று பார்க்கிறேன்.

—

மழைக்கால_அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இறக்கை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அது எப்படி வளைந்தும் உடையாமல் இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டைப் பற்றி நான் திரும்பக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நோட்டு இப்போது பைக்குள் இருக்கிறது, நான் திறப்பதில்லை.

இன்று மாலை ஐந்து கணக்கு. நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று சரி. நான்காவதில் பேனா நின்றது. எனக்கு எட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அதே இடம்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. அடித்துவிட்டு, அம்பு போட்டு, மறுபடி தொடங்கினாள்.